சிஏ இன்டர் மாதிரித் தேர்வுத் தொடர்: கறாராகத் திருத்துகிறார்கள் (5-க்கு 4)

பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டே சிஏ இன்டர் (பட்டயக் கணக்காளர் படிப்பின் இடைநிலைத் தேர்வு) எழுதுகிறேன். வகுப்புக்குப் போக நேரம் கிடையாது, பாடத்தை நானே படித்துக்கொள்கிறேன். எழுதின விடைத்தாளைத் தயவுதாட்சண்யம் பார்க்காமல் திருத்தித் தர ஆள் வேண்டும், அவ்வளவுதான். இந்த மையம் அதை ஒழுங்காகச் செய்கிறது.

சேர்ந்த அன்றே திருத்துகிற சார் உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு பேப்பரிலும் 100-க்கு 40 வேண்டும், குரூப் மொத்தத்தில் பாதியும் வேண்டும். ஒரு குரூப்புக்கு மூன்று பேப்பர், அதாவது 300-க்கு 150. மூன்றிலும் நாற்பது நாற்பதாக எடுத்தால் 120-தான் வரும். “மிச்சம் முப்பதை எந்தப் பேப்பர்ல எடுப்பீங்க அம்மிணி? அதை இன்னைக்கே முடிவு பண்ணிக்கோணும்” என்றார். அட்வான்ஸ்டு அக்கவுண்டிங் என்றேன். தினமும் கை வைக்கிற வேலை அது. வரி பேப்பர் எனக்கு இழுபறி, அதில் 40-ஐத் தாண்டினால் போதும் என்று வைத்துக்கொண்டோம். அக்கவுண்ட்ஸில் 60 தொட்டுவிட்டால் இன்னொரு காப்பும் உண்டு: குரூப்பின் எல்லாப் பேப்பரும் எழுதி, குரூப் போய்விட்டாலும், அந்த ஒரு பேப்பருக்கு அடுத்த மூன்று தேர்வுகளுக்கு எக்ஸெம்ப்ஷன், அதாவது அதைத் திரும்ப எழுத வேண்டாம். அந்த மார்க் மொத்தத்திலும் சேரும்.

இதை முழுசாகப் புரிந்துகொள்ளாமல் எல்லாப் பேப்பரையும் ஒரே அளவில் படிக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணி முதல் 5 வரை, நிஜத் தேர்வு நடக்கும் அதே நேரம். 1.45-க்குக் கேள்வித்தாள் கையில் வந்துவிடும், வாசிக்கத்தான், எழுதக் கூடாது. கொள்குறி 30 மார்க், ஓஎம்ஆர் தாளில். விரித்து எழுதுவது 70. கால்குலேட்டர்கூட 12 இலக்கத்துக்கு மேல் இருந்தால் வெளியே வைக்கச் சொல்லிவிடுகிறார்கள்.

திருத்தம்தான் இங்கே உயிர். சட்டப் பேப்பரில் நான் முடிவை முதலில் எழுதிவிட்டுக் காரணத்தைப் பின்னால் சொல்வேன். சார் சிவப்பு மையில் மூன்று கோடு போட்டுப் பிரித்துக் கொடுத்தார்: சட்டம் என்ன சொல்கிறது, கேள்வியில் நடந்தது என்ன, ஆகவே முடிவு என்ன. ஆறு மார்க் கேள்வியில் எனக்கு இரண்டுதான் விழுந்திருந்தது. விடை சரி, ஆனாலும் இரண்டுதான். பிரிவு எண் சந்தேகமாக இருந்தால் எண்ணை விட்டுவிட்டு விதியை மட்டும் எழுதச் சொன்னார். அக்கவுண்ட்ஸில் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை என்று அடித்துவிட்டுத் திரும்பப் போடக் கூடாது, ஒர்க்கிங் நோட்ஸுக்கு (விடைக்குப் போட்ட துணைக் கணக்குகளுக்கு) தனி மார்க் உண்டு, அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும் என்பதையும் இங்கேதான் பழக்கினார்கள். முன்பு பணம் கட்டிய வேறொரு ஆன்லைன் தொடரில் எந்தப் பேப்பரை அனுப்பினாலும் 55, 58 என்று வரும், ஒரு வரிக் குறிப்பும் இருக்காது. வேலைக்குப் போய்ப் படிக்கிறவளுக்கு அப்படிப்பட்ட மார்க் பெரிய துரோகம். எங்கே இடிக்கிறது என்பது ரிசல்ட் அன்றைக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு குரூப்பும் சேர்த்து எழுதினால் 600-க்கு 300 இருந்து, எந்தப் பேப்பரும் 40-க்குக் குறையாமல் இருந்தால், ஒரு குரூப் 150-க்குக் கீழே நின்றாலும் இரண்டும் பாஸ். இதைச் சொல்லி இரண்டு குரூப் கட்டணத்தையும் வாங்கியிருக்கலாம். என் வேலை நேரத்தைக் கேட்டுவிட்டு, “முதல் குரூப்பை மட்டும் கட்டுங்க, தேர்வு வருசத்துக்கு மூணு தடவை வருதுங்க, அடுத்ததைப் பொறவு பார்க்கலாம்” என்றார்கள்.

ஒரு ஸ்டார் குறைத்தது கொள்குறிக் கேள்விகளுக்காக. இப்போதைய முறையில் ஒரு நிலவரத்தைக் கொடுத்து அதிலிருந்து வரிசையாகக் கேட்கிறார்கள். இங்கே இன்னும் ஒற்றை வரிக் கேள்விகள் அதிகம். 30 மார்க் சின்ன விஷயம் இல்லை. அதற்கு நான் தேர்வை நடத்துகிற ஐசிஏஐ-யின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தேர்வுத் தாள்களையும் ஆர்டிபி என்கிற திருப்புதல் தேர்வுத் தாள்களையும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். திருத்திய தாள் வர பத்து நாள் ஆனதும் உண்டு, வரி பேப்பருக்கு அது ரொம்ப லேட்.

நிஜத் தேர்வில் எனக்கு வந்த மார்க்: அக்கவுண்ட்ஸ் 61, சட்டம் 52, வரி 43. மொத்தம் 156.

பாடம் நடத்துவார்கள் என்று நினைத்து இங்கே வர வேண்டாம், நடத்த மாட்டார்கள். ஒரு சுற்றாவது படித்து முடித்துவிட்டு வாருங்கள். குரூப்புக்கு 3,000 ரூபாய் வாங்குகிறார்கள், திருத்தத்துக்கு அது நியாயமான பணம். இரண்டாவது குரூப்புக்கும் கட்டிவிட்டேன். இந்தத் தடவை முப்பதை காஸ்டிங்கில் எடுப்பதாகத் திட்டம், ஆடிட்டிங்தான் கொஞ்சம் உதைக்கிறது.