நீட்ஸ் கடனும் கணபதிப் பட்டறைகளும்: ஒரு பயனாளியின் மதிப்புரை

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. கார் தொழிற்சாலையும் கைப்பேசி ஆலையும் கட்டுகிறவர்களின் கணக்கு அது. 12 கிலோவாட் மின் இணைப்பில், வாடகைக் கொட்டகையில், சிறுதானியத்துக்குத் தோல் நீக்கும் இயந்திரம் செய்து விற்கும் என்னைப் போன்றவளுக்கு இந்த மாநிலம் எதைத் தருகிறது, எங்கே காலை வாருகிறது என்று யாரும் எழுதுவதில்லை. நான் வாங்கிப் பயன்படுத்திய சேவைகள் இரண்டு. ஒன்று, புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு மானியத்தோடு கடன் தரும் தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டம். இன்னொன்று, எந்த அரசாணையிலும் இல்லாத, கோயம்புத்தூரின் கணபதி போன்ற பகுதிகளில் பிறர் பொருளின் பாகங்களைக் கூலிக்குச் செய்து தரும் ஜாப் ஆர்டர் பட்டறைகள். இரண்டையும் சேர்த்தே மதிப்பிடுகிறேன், ஏனென்றால் ஒன்று இல்லாமல் மற்றது பாதிதான்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக: சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் குடும்பம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, பம்ப் கம்பெனி ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். வீட்டில் யாரும் முதலாளியாக இருந்ததில்லை. சாமை, தினை, வரகு இவற்றின் தோலை நீக்கும் சிறிய இயந்திரங்களுக்குத் தேவை கூடியதைப் பார்த்து வேலையை விட்டேன். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள்தான் முக்கிய வாடிக்கையாளர்கள். கர்நாடகத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும்கூடக் கேட்கிறார்கள்.

முதலில் நீட்ஸ். 'புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம்' என்பது முழுப்பெயர். 2012-13இல் தொடங்கியது. பட்டம், டிப்ளமோ, ஐடிஐ படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. திட்ட மதிப்பில் 25 சதவீதம் மூலதன மானியம். உச்சவரம்பு 25 லட்சத்தில் ஆரம்பித்து இப்போது 75 லட்சம் ஆகியிருக்கிறது. தவணையை ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்கிறது. கைப்பணம் பொதுப் பிரிவினருக்கு 10 சதவீதம். பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 5. நாற்பது லட்சத்துக்குத் திட்டம் போடும் ஒரு பெண் 2 லட்சத்தோடு உள்ளே வரலாம், 10 லட்சம் மானியமாகக் கழியும். பிற மாநிலங்களில் இருக்கும் பழைய சகாக்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் இன்னொரு முறை சொல்லச் சொல்கிறார்கள்.

மாவட்டத் தொழில் மையத்தின் நேர்காணலுக்குப் போகும்போது, குடும்பத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்பார்கள் என எதிர்பார்த்தேன். எதிரில் அமர்ந்திருந்த அதிகாரி கேட்டது வேறு: "சாமைக்குச் சரி. வரகுக்கு ஒரே ஓட்டத்தில் தோல் போகுமா?" போகாது. வரகின் உமி அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும், இரண்டு மூன்று முறை விட வேண்டும். அதை அப்படியே சொன்னேன். "அப்படியானால் விளம்பரத்திலும் அப்படியே போடுங்கள்" என்றார். அரசு அலுவலகத்தில் நான் பெற்ற மிகச் சிறந்த வணிக ஆலோசனை அதுதான். இன்றும் என் விலைப்பட்டியலில் வரகுக்குத் தனி வரி உண்டு. திருப்பி அனுப்பப்பட்ட இயந்திரம் ஒன்றுகூட இல்லை.

வங்கிக் கதை வேறு. எந்த வங்கி, எந்தக் கிளை என்று சொல்லப்போவதில்லை. பிணையில்லாக் கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. 2023 ஏப்ரலில் அதன் வரம்பு 5 கோடி, இப்போது 10 கோடி. என் கடன் அதில் ஒரு மூலைக்குக் காணாது. அந்தச் சுற்றறிக்கையை அச்செடுத்துக்கொண்டு போனேன். மேலாளர் அதை மரியாதையாக வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "சோமனூரில் வீடு யார் பெயரில் இருக்கிறதுங்க?" என்று கேட்டார். கடைசியில் வீட்டுப் பத்திரம் இல்லாமலே கடன் கிடைத்தது, ஆனால் வேறொரு வங்கியில். மாநில அரசு திட்டத்தை எவ்வளவு அழகாக வரைந்தாலும் சாவி வங்கி மேசையில்தான் இருக்கிறது. முதல் வங்கி கையை விரித்தால் சோர்ந்துபோகாமல் அடுத்ததற்கு நடையைக் கட்ட வேண்டும். மானியம் கையில் வராது, வங்கிக்கே போகும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மானியத்தை நம்பி மளிகைக் கடன் வாங்கக் கூடாது.

இனிப் பட்டறைகள். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

கோயம்புத்தூரில் இரும்புச் சுரங்கம் இல்லை, நிலக்கரி இல்லை, கடலும் இல்லை. இருந்தும் இங்கே பம்பும் மோட்டாரும் கிரைண்டரும் குவிந்ததற்குக் காரணம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்த சில காரியங்கள். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது, பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரிபாகம் வேண்டியிருந்தது, கிணறுகளுக்கு மோட்டார் வேண்டியிருந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரை இங்கேயே செய்து காட்டினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு கம்பெனியிலும் வேலை பழகிய ஆட்கள் வெளியே வந்து ஒற்றை லேத்தோடு தனிக்கடை போட்டார்கள். கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சின்னவேடம்பட்டி என்று அந்தக் கடைகள் பரவின. ஒரு கடை ஒரு வேலை. ஒருவர் கீ-வே (தண்டில் ஆப்பு உட்காரும் பள்ளம்) மட்டும் போடுவார், அடுத்தவர் கியர் மட்டும் வெட்டுவார், மூன்றாமவர் கிரைண்டிங் மட்டும்.

என் இயந்திரத்தின் இதயம் இம்பெல்லர். வேகமாகச் சுழன்று தானியத்தை வெளிச்சுவரில் வீசும். அடி பட்டதில் உமி பிளக்கும். ஊதுவிசிறி உமியை உறிஞ்சிக்கொள்ளும். இந்த இம்பெல்லரை நான் எங்கே செய்கிறேன் என்று வெளியூர் வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். நான் செய்வதில்லை. வார்ப்புக்கான மாதிரியை, அதாவது பேட்டர்னை, ஒருவர் செதுக்கித் தருகிறார். அரசூர்ப் பக்கத்து பவுண்டரியில் வார்ப்பு. கணபதியில் சிஎன்சி எனும் கணினி இயக்கும் இயந்திரத்தில் கடைசல். அங்கிருந்து நான்கு தெரு தள்ளி, எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கச் செய்யும் பேலன்சிங். உறைப்பகுதிக்கு பவுடர் கோட்டிங் வேறோர் இடத்தில். எல்லாம் டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்பக்கத்தில் வைத்துக் கொண்டுபோகும் தூரம். என் கொட்டகையில் நடப்பது பாகங்களைப் பூட்டுவதும் ஓட்டிப் பார்ப்பதும்தான்.

அந்த பேலன்சிங் கடையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பத்துக்கு இருபது அறை. இம்பெல்லரை உருளைகள்மேல் படுக்க வைத்து பெல்ட்டால் சுழற்றுகிறார்கள். திரையில் கோணமும் கிராமும் வரும். கடைக்காரர் அதை அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டே சாக்பீஸால் ஓரிடத்தில் கோடு கிழிப்பார். "அம்மிணி, இந்தப் பக்கம் மூன்று கிராம் கூடுதல்" என்று சொல்லி, துளையிடும் இயந்திரத்தில் வைத்து, தேன்கூட்டு அறை அளவுக்கு ஒரு குழி எடுப்பார். மறுபடி சுழற்றுவார். ஒன்றரை. மறுபடி குழி. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் ஓடும் பொருளில் அந்த மூன்று கிராம் பேரிங்கைத் தின்றுவிடும். ஒருமுறை அவர் இம்பெல்லரைச் சுழற்றாமலே தட்டிப் பார்த்துவிட்டு, "வார்ப்பில் காற்றுக்குழி இருக்கிறது, பவுண்டரிக்கே திருப்பிக் கொடுங்கள்" என்றார். அறுத்துப் பார்த்தோம், இருந்தது. பவுண்டரிக்காரர் மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுத்தார், ஏனென்றால் அவரும் பேலன்சிங்காரரும் ஒரே டீக்கடை. இந்த நம்பிக்கையை எந்த ஒப்பந்தப் பத்திரத்திலும் எழுதி வாங்க முடியாது.

இங்கேதான் எனக்கு நீட்ஸோடு ஒரு வழக்கு இருக்கிறது. மூலதன மானியம் என்றாலே அது இயந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் போகும் பணம். அதிகமாக இயந்திரம் வாங்கினால் அதிக மானியம். கோயம்புத்தூரின் பலமோ இயந்திரம் வாங்காமல் தொழில் நடத்தலாம் என்பது. 25, 30 லட்சத்துக்கு ஒரு விஎம்சி (கணினி இயக்கும் உலோகம் செதுக்கும் இயந்திரம்) வாங்கி, வாரத்தில் இரண்டு நாள் ஓட்டி, மீதி நாள் துணி போட்டு மூடி வைத்திருக்கும் கொட்டகைகளை நான் பார்த்திருக்கிறேன். மானியம் கவர்ச்சியாக இருந்தது, வாங்கினார்கள். தவணை மட்டும் வாரம் முழுவதும் ஓடுகிறது. சிறு பட்டறைக்கு உயிர்நாடி நடைமுறை மூலதனம். வார்ப்புக்கும் மோட்டாருக்கும் ரொக்கம் கொடுத்துவிட்டு, விற்ற பணம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியைத்தான் அடைக்க வேண்டும். அதற்கு ஏற்றபடி திட்டத்தைத் திருத்தினால் இன்னும் எத்தனையோ பேர் பிழைப்பார்கள். நான் தகடு வெட்டவும் வளைக்கவும் வெல்டிங்குக்கும் வேண்டியதை மட்டும் கடனில் வாங்கினேன். தினமும் ஓடாத எதையும் வாங்கவில்லை.

ஆட்கள் விஷயத்தில் இந்த மாநிலத்துக்குத் தாராளமாக மதிப்பெண் போடுவேன். 2019-20 தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 43 சதவீதம் தமிழ்நாட்டில். இது எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை. பூட்டும் வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் பெண்கள்தான். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை என்று வந்தவர்கள் ஒரு தீபாவளிக்குள் பேரிங் சத்தத்தை வைத்தே குறையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். 2021இலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது என்னைப் போன்ற சிறு முதலாளிக்கு மறைமுக மானியம். அன்னூர்ப் பக்கத்திலிருந்துகூட வேலைக்கு வருகிறார்கள். பஸ் காசு மிச்சம் என்பதால் தூரம் பெரிதாகத் தெரிவதில்லை. இதைத் தொழில் கொள்கை என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் மானியப் படிவம் எதையும் நிரப்பாமல் கிடைத்த ஒரே மானியம் எனக்கு இதுதான்.

குறைகள். மின்கட்டணம் முதலில். பன்னிரண்டு கிலோவாட்டுக்குள், குறுந்தொழிலுக்கான 3ஏ1 கட்டணப் பிரிவில் இருக்கும்வரை தாங்கலாம். அதைத் தாண்டி அடுத்த பிரிவான 3பிக்குப் போனால், 2022 செப்டம்பர் உயர்வுக்குப் பிறகு இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம் கழுத்தைப் பிடிக்கும். சிறு, குறுந்தொழில் சங்கங்கள் கதவடைப்பும் உண்ணாவிரதமும் நடத்தியது சும்மா இல்லை. இதனால் வளர வேண்டிய கடைகள் வேண்டுமென்றே வளராமல் 12 கிலோவாட்டில் நிற்கின்றன. நானும் அப்படித்தான் நிற்கிறேன். தொழில் வளர்ச்சிக்குத் திட்டம் போடும் அதே அரசு, கடை வளர்ந்தால் அபராதம்போல ஒரு கட்டணத்தையும் வைத்திருப்பது விந்தை. இடத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை; கோவையில் கொட்டகை வாடகை எப்போதும் நமக்கு ஓர் அடி முன்னால் நடக்கும்.

பாக்கி வசூல் அடுத்தது. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. முறையிடக் கோவையிலேயே வசதியாக்க மன்றம் அமர்கிறது. 2024 ஏப்ரல் முதல், காலத்தில் தராத தொகையை, அதைக் கொடுத்து முடிக்கும்வரை, பொருள் வாங்கியவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. இந்தக் கடைசி விதி வந்த பிறகு மார்ச் மாதத்தில் பாக்கிகள் தாமாக நடந்து வருகின்றன. மற்ற பதினொரு மாதம் போன்தான் துணை. மன்றத்துக்குப் போகலாமே என்பார்கள். போனால் பணம் வரும். அந்த வாடிக்கையாளர் வரமாட்டார். வட மாநில முகவர் ஒருவருடைய பாக்கி இன்னும் என் நோட்டில் இருக்கிறது, வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கிறார். போகட்டும்.

ஆக என் மதிப்பெண்: நீட்ஸுக்கு ஐந்தில் மூன்றரை, வங்கிப் படலத்துக்காக ஒன்று, இயந்திர மோகத்துக்காக அரை குறைத்திருக்கிறேன். பட்டறைகளுக்கு ஐந்துக்கு ஐந்து. பண்டிகைக் காலத்தில் "நாளைக்குத் தருகிறோம்" என்று அவர்கள் சொல்லும் நாளை எப்போது விடியும் என்று தெரியாது, அதை மன்னிக்கிறேன்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? பொருள் இன்னதென்று தெரிந்தவர்களுக்கு, குறைந்தது ஒரு வாடிக்கையாளரைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு. திட்ட அறிக்கை எழுத ஆலோசகரிடம் போகும் முன் கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் நடந்து, உங்கள் பொருளின் எந்தெந்தப் பாகத்தை வெளியே செய்ய முடியும், என்ன கூலி என்று எழுதி வாங்குங்கள். மிஞ்சும் வேலைக்கு மட்டும் இயந்திர விலைப்புள்ளி வாங்குங்கள். சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆதாரை வைத்து நீங்களே செய்யலாம். ஆயிரம் ரூபாய் கேட்பவரிடம் போகாதீர்கள். காலை பத்து மணிக்கு முன்னால் பட்டறைக்குப் போனால் முதலாளி பேச நேரம் கொடுப்பார். பிறகு போனால் லேத் சத்தத்தில் நீங்கள் கத்த வேண்டியிருக்கும்.