சாங்கி, கட்டுநாயக்க, பாறசாலை: தூரமும் நேரமும்

சிங்கப்பூரிலிருந்து, கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள பாறசாலைக்கு வருகிறவர்கள் கொழும்பு வழியாக வரலாமா என்று கேட்டால், அது சுற்றுவழி என்ற பதில்தான் எங்கள் உறவுக்குள் வழக்கமாகக் கிடைக்கும். வரைபடம் அப்படிச் சொல்லவில்லை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் வரை வான்வழித் தூரம் சுமார் 2,750 கிலோமீட்டர். அங்கிருந்து, பாறசாலைக்குப் பக்கத்து விமான நிலையமான திருவனந்தபுரம் சுமார் 355 கிலோமீட்டர். நேராகப் பறந்தாலும் 3,100 கிலோமீட்டர் ஆகும் என்பதால், இலங்கை கிட்டத்தட்ட வழியிலேயே இருக்கிறது எனலாம்.

இரு தீவுகளுக்கும் இடையிலான பயணத்துக்கு ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்று கணக்கிட்டால் மூன்றேகால் மணி நேரத்தில் முடிய வேண்டிய தூரம்தான். ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், இறங்குவதும் மிச்ச அரை மணியை எடுத்துக்கொள்கின்றன. பயணச்சீட்டிலோ காலை 10.00 மணிக்குப் புறப்பட்டு 11.15 மணிக்குச் சேர்வதாக இருக்கும். இதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணேகால் மணி நேரம்தானே மக்களே?" என்று கேட்காத பெரியவர்கள் எங்கள் ஊரில் குறைவு. சிங்கப்பூர் 1982 ஜனவரி முதல் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்திருக்கிறது. இலங்கை 2006 ஏப்ரலில் மீண்டும் இந்திய நேரத்துக்குத் திரும்பியது. ஆகவே நடுவில் இரண்டரை மணி நேர வேறுபாடு. வரும்போது கிடைக்கும் அந்த இரண்டரை மணியை, திரும்பும்போது தவறாமல் கொடுத்தாக வேண்டும்.

உண்மையில் நேரத்தை விழுங்குவது கட்டுநாயக்கவில் விமானம் மாறும் இடைவெளிதான். பெட்டிகளைத் திருவனந்தபுரம் வரைக்கும் பதிந்துவிட்டால் அவற்றைப் பற்றிய கவலை இல்லை. ஆனால் கைப்பைக்கு மறுபடியும் சோதனை உண்டு. எனக்கு முன்னால் நின்ற அம்மையார், கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை அங்கேயே நின்று குடித்து முடித்தார். அங்கே தமிழும் புழங்குவதால், ஆங்கிலம் தெரியாத பெற்றோரைத் தனியாக அனுப்புகிறவர்களுக்கு இந்த வழி ஆறுதலானது. அடுத்த விமானத்தில் ஒரு மணி நேரம்தான் பயணம். காத்திருப்பது பெரும்பாலும் அதைவிட நீளம். கட்டணத்தில் நல்ல வேறுபாடு இருந்தால் மட்டுமே இந்த வழி எனக்கு நியாயமாகப் படுகிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நேர் விமானமே மேல்.

திருவனந்தபுரத்தைப் பொறுத்தவரை ஒன்றை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு (சுவாமி நீராட்டு) ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்தே சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. அந்த இரு நாள்களிலும் மாலையில் சில மணி நேரம் விமானங்கள் இயங்குவதில்லை, நேரங்கள் மாற்றப்படுகின்றன.

வெளியே வந்தபின் பாறசாலைக்கு இரு வழிகள் உள்ளன. பழைய சாலையில் பாலராமபுரம் சந்திப்பு மாலை வேளையில் ஒருவரையும் எளிதில் விடுவதில்லை. திருவல்லம் வழியாகக் காரோடு வரை செல்லும் புறவழிச்சாலையில் சுங்கம் கட்ட வேண்டியிருந்தாலும் அதுவே விரைவானது. எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டிக் குழித்துறை, மார்த்தாண்டம் செல்பவர்கள், தமிழ்நாட்டுக்குள் செல்ல அனுமதி பெற்ற வண்டிதானா என்பதை ஏறுவதற்கு முன்பே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.