முத்துப்பேட்டை லகூன் போகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்: 18,400 ரூபாய் போச்சு

ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய். கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்தில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

18,400 ரூபாய். ஏழு பேருக்கு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் ஒரு நாள். படகு, வனத்துறை அனுமதி, மதியம் மீன் சாப்பாடு எல்லாம் இதற்குள் அடக்கம் என்று சொல்லி வாங்கியது. ரீல்ஸ் போட்டு ஆள் பிடிக்கும் ஒரு டூர் பக்கம். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இப்போது எழுதாதே என்று நாத்தனார் சொல்லிவிட்டாள். சரி, எழுதவில்லை.

அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவர். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு தெரியும்தானே? வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடம். அங்கே ஷட்டரை ஏற்றி இறக்கியே அவர் காலம் போனது. "கோரையாத்துல இவ்வளவு தண்ணி விட்டிருக்கேன், அது கடைசியா எங்க போய் விழுதுன்னு ஒரு தடவ பாக்கணும் பாப்பா" என்று ரிட்டயர் ஆனதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். போய் விழுவது முத்துப்பேட்டை லகூனில்தான். இப்போது அவருக்கு 74. வழக்கமாக ஜனவரி 28 ஆம் தேதி மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள், அதற்கு முன்பே, ஆற்றில் தண்ணீர் வரும்போதே போக வேண்டும் என்பதும் அவர் கணக்குதான். அதனால் பொங்கல் முடிந்த கையோடு கிளம்பினோம்.

இதையெல்லாம் ஒன்று விடாமல் அந்த டூர் பக்கத்தை நடத்தும் பையனிடம் போனில் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போது என்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. கேட்டுவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருந்தான். அப்புறம், "அக்கா, அப்பாவ என் பொறுப்புல விட்டுடுங்க. கோரையாறு லகூன்ல கலக்குற எடத்துல எஞ்சினை ஆஃப் பண்ணி நிறுத்தச் சொல்றேன். அவர் எவ்வளவு நேரம் வேணாலும் பாக்கட்டும்" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. போனை வைத்ததும் 5,000 அனுப்பினேன். அவன் வலை வீசவே வேண்டியிருக்கவில்லை, நானே போய் விழுந்தேன்.

அவன் சொன்ன தகவல்களை நான் சரிபார்க்காமலும் இல்லை. கோடியக்கரையோடு சேர்ந்து 2002 இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) வந்த இடம் என்றான், உண்மை. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் காட்டை முறித்துப்போட்டது என்றான், அதுவும் உண்மை. இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா என்று நினைத்தேன். நெட்டில் நான் படித்ததைத்தானே அவனும் படித்திருப்பான்!

சனிக்கிழமை சாயங்காலம் மெசேஜ். "அக்கா, பெர்மிட் இன்னைக்கே போடணும், மீதி 13,400 அனுப்பிடுங்க." க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டேன். "தங்கச்சி அக்கவுண்ட்க்கா, என்னோடதுல இன்னைக்கு லிமிட் முடிஞ்சிடுச்சு" என்றான். அனுப்பிவிட்டேன். கோபுரச் சின்னத்தோடு ஒரு அனுமதிச் சீட்டு பிடிஎஃப்பாக வந்தது. 18,400 முழுதாகக் கை மாறியது அந்த இடத்தில்தான்.

விடிவதற்கு முன் வேன் எடுத்துக்கொண்டு (வேன் வாடகை தனி, அந்த வயிற்றெரிச்சல் வேறு) மன்னார்குடி வழியாக ஜாம்புவானோடை படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தோம். யாரும் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப். அங்கிருந்த வனத்துறைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது எங்க ஆபீஸ் சீட்டே இல்லம்மா" என்றார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை, பொறுமையாகத்தான் பேசினார். அனுமதி இல்லாமல் படகு எடுக்க முடியாது என்றார், நியாயம்தானே.

பக்கத்தில் இருந்த படகுக்காரப் பெரியவர் அவன் அனுப்பிய வீடியோவை வாங்கிப் பார்த்தார். பார்த்த உடனே சிரித்துவிட்டார். "ஏம்மா, இது பிச்சாவரம்ல? துடுப்புப் படகு போவுது பாரு. மரத்து வேரு வில்லு மாதிரி வளைஞ்சு தண்ணிக்குள்ள இறங்குது பாரு, அது சுரபுன்னை. இங்க முக்காவாசி அலையாத்தி. வேரு சேத்துலேருந்து பென்சில் நட்ட மாதிரி மேல நிக்கும்." பத்து நாளாக அந்த வீடியோவை நான் குடும்பக் குரூப்பில் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. படியில் இறங்கி, கோரையாற்றில் கை விட்டு ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு ஏறியிருக்கு" என்றார். திரும்பி வந்து வேனில் உட்கார்ந்துகொண்டார்.

மதியம் அவன் போன் ஆன் ஆனது. முதலில், "படகு ரிப்பேர்க்கா, அடுத்த வாரம் போட்டுத் தரேன்." பிறகு, "அந்த டீலிங் எல்லாம் எங்க ஓனர்தான்." ஓனர் நம்பர் கேட்டால், "அவர் சபரிமலைக்குப் போயிருக்கார்." ராத்திரி, "24 மணி நேரத்துல ரீஃபண்ட் வரும், நம்பிக்கை இல்லாம பேசாதீங்க." நம்பிக்கையைப் பற்றி எனக்குப் பாடம்! திங்கட்கிழமை காலையில் பிளாக். அந்தப் பக்கத்தில் நான் போட்ட கமெண்ட் மூன்றும் காணோம். பேங்கில் கேட்டால், "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்களே மேடம்" என்கிறார்கள். ஸ்டேஷனில் ஒருவர், "பதினெட்டாயிரம்தானா?" என்றார். தானா! 18,400 ஐயா, அதில் பாதி அம்மா சீட்டு எடுத்த காசு.

என்ன செய்ய வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. முத்துப்பேட்டை வனச்சரக அலுவலகத்தில் நீங்களே பேசி அனுமதியும் படகும் கேளுங்கள், நடுவில் ஆள் வேண்டாம். பணம் போகிற பெயர் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஏமாந்தது தெரிந்த நிமிடமே சைபர் கிரைம் உதவி எண் 1930 க்கு அடியுங்கள். நான் ரீஃபண்ட் வரும் என்று ஒரு நாள் காத்திருந்து கெட்டேன். வீட்டுக் கதை எதையும் போனில் சொல்லாதீர்கள்.

இன்று காலை அதே பக்கத்தில் அதே பிச்சாவரம் வீடியோ. "முத்துப்பேட்டை, குடியரசு தின ஆஃபர்" என்று போட்டிருக்கிறான்.

அப்பாவிடம் 4,000 போச்சு என்றுதான் சொல்லியிருக்கிறேன். சொந்தக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் 18,400 என்று அவரிடம் வாய் விட்டுவிடாதீர்கள்.