மெலிந்த பாம்பை ‘நல்லா சாப்பிடும்’ என்று தலையில் கட்டுகிறார்கள், உஷார்!

“இளசு, அதான் ஒல்லியா இருக்கு. பெரிய எலியா வாரம் ரெண்டு போடுங்க, ஒரே மாசத்துல தேறிடும்.” இப்படிச் சொல்லித்தான் எங்களிடம் ஒரு பால் பைதானை (ball python, வீட்டில் வளர்க்கும் சிறிய வகை மலைப்பாம்பு) விற்றார்கள். அது இளசும் இல்லை, அந்த யோசனைப்படி தீனி போட்டால் பிழைத்திருக்கவும் வாய்ப்பில்லை.

விற்கும் முன் பெரிய இரையாகக் கொடுத்து வயிற்றை உப்ப வைத்திருக்கிறார்கள். செரித்து முடிந்ததும் முதுகெலும்பு கூரை முகடாகத் துருத்தி, விலாவில் தோல் நீளவாக்கில் மடிந்துவிட்டது. அதனால் நடுவயிற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். கழுத்துக்குச் சற்றுப் பின்னாலும், வால் தொடங்கும் இடத்துக்கு முன்னாலும் விரலால் தடவுங்கள். அங்கே எந்த இரையும் மெலிவை மறைக்காது. கடைசியாக எப்போது, எத்தனை கிராம் தின்றது என்ற குறிப்பைக் கேளுங்கள். மழுப்பினால் வாங்கவே வேண்டாம்.

பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று நிறைய உணவு போனால், ரத்தத்திலுள்ள பாஸ்பரஸும் பொட்டாசியமும் செல்களுக்குள் போய்விடும். ரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்து இதயம் நின்றுபோகலாம். அதற்குத் தப்பினாலும் இரையைக் கக்கிவிடலாம். ஏற்கெனவே வற்றிய உடம்பிலிருந்து நீரும் போகும், உணவுக்குழாயும் புண்ணாகும்.

எலும்பு துருத்தும் அளவுக்கு மெலிந்திருந்தால் முதல் இரைக்கு முன்பே ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் காட்டி, மலத்தில் புழுவும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணிய ஒட்டுண்ணியும் இருக்கிறதா என்று பரிசோதியுங்கள். கூண்டின் சூடான பக்கம் 31–33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25–27; தெர்மோஸ்டாட் கட்டாயம். சூடு போதாவிட்டால் இரை வயிற்றிலேயே அழுகும். உடம்பு வறண்டிருந்தால் 28–30 டிகிரி நீரில், பாதி உடம்பு நனையும் ஆழத்தில், 15 நிமிடம் விடுங்கள். பக்கத்திலேயே இருங்கள்.

பிறகுதான் தீனி. பாம்பின் எடையில் 5 சதவீதம் போதும்: 600 கிராம் பாம்புக்கு 30 கிராம் எலி, 5–7 நாளுக்கு ஒருமுறை. உறைந்த எலியை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க வைத்து, உறையில் போட்டு வெந்நீரில் இறக்கி, 38–40 டிகிரிக்குச் சூடாக்குங்கள். எலியின் வயிற்றை அழுத்திப் பாருங்கள், உள்ளே கட்டியாக இருந்தால் இன்னும் உருகவில்லை. தின்றபின் 48 மணி நேரம் பாம்பைத் தொடக் கூடாது. நாலைந்து இரை ஒழுங்காகச் செரித்த பிறகு மெல்ல 10 சதவீதத்துக்குப் போகலாம். கக்கினால் 10–14 நாள் வயிற்றுக்கு ஓய்வு, அடுத்த இரை பாதி அளவு.

அதே விற்பனையாளர் “எலும்பில்லாத கோழிக்கறி கொடுங்க, வாயைத் திறந்து திணிச்சாலும் பரவால்ல” என்றும் சொல்லி அனுப்பினார். எலும்பில்லாத கறியில் போதுமான கால்சியம் கிடைக்காது. பழக்கமில்லாத கை திணித்தால் தொண்டை கிழியும். தானாகத் தின்னாத பாம்புக்குக் குழாய் வழியே ஊட்டுவது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை.

வாரம் ஒருமுறை, இரை போடும் முன், கிராம் காட்டும் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். தின்றும் எடை இறங்கினால் இரையைக் கூட்டாதீர்கள், மலத்தை மறுபடி பரிசோதனைக்குக் கொடுங்கள்.