பிள்ளையின் படிப்புப் பணத்தில் சொந்தக்காரர் கை வைத்தால்: எந்த வழி பலிக்கும்?

அமெரிக்காவில் பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்த பணத்தைச் சித்தப்பாவோ பாட்டியோ எடுத்துச் செலவழித்துவிட்டால், "போலீசுக்குப் போகலாமா?" என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, கணக்கு எந்த வகை, யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே முடிவாகிவிடும்.

யூ.டி.எம்.ஏ. கணக்கு (மைனர் பிள்ளைக்குக் கொடுத்த பணத்தைப் பெரியவர் ஒருவர் நிர்வகிக்கும் கணக்கு) என்றால் பிள்ளையின் கை ஓங்கியிருக்கிறது. அதில் போட்ட பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது, அது அப்போதே பிள்ளையின் சொத்து. கஸ்டோடியன், அதாவது கணக்கை நிர்வகிக்கும் அந்தப் பெரியவர், அதைத் தன் பணத்தோடு கலக்கக் கூடாது, வரவு செலவுக்குக் கணக்கு வைக்க வேண்டும். ஆனால் அது படிப்புக்கு மட்டுமான பணம் என்று சட்டம் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பல்லில் கம்பி கட்டினால் தப்பில்லை. அந்தப் பணத்தில் கஸ்டோடியன் தனக்குக் கார் வாங்கினால் மாட்டிக்கொள்வார். "சாப்பாட்டுக்கும் வாடகைக்கும்தானே எடுத்தேன்" என்று பெற்றவரே சொன்னாலும் பெரும்பாலும் எடுபடாது. வளர்க்கும் கடமை வேறு, இந்தப் பணம் வேறு.

529 என்ற, படிப்புக்கென்று வரிச்சலுகையோடு சேமிக்கும் கணக்கில் நிலைமை தலைகீழ். கணக்கு தாத்தா பெயரில் இருந்தால் பணமும் தாத்தாவுடையதுதான், பிள்ளை வெறும் பயனாளி. தாத்தா யாரையும் கேட்காமல் பணத்தை எடுக்கலாம், குடும்பத்தில் இன்னொருவரைப் பயனாளி ஆக்கலாம். படிப்பு தவிர வேறு செலவுக்கு எடுத்தால் லாபப் பகுதிக்கு வருமான வரியும் 10% கூடுதல் வரியும் உண்டு, ஆனால் அது போவது அரசாங்கத்துக்கு. மாதாமாதம் நீங்களே போட்டிருந்தாலும் அதனால் மட்டும் உரிமை வந்துவிடாது. யூ.டி.எம்.ஏ. பணத்தை மாற்றித் தொடங்கிய 529 என்றால் பணம் பிள்ளையுடையது. விவாகரத்துத் தீர்ப்பில் அந்தக் கணக்கைப் பற்றி உத்தரவு இருந்தால், மீறியவர் மேல் கோர்ட் அவமதிப்பு மனு போடலாம். இந்த இரண்டும் இல்லாத 529 வழக்கில் காசைக் கொட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

சரி, வழக்குக்கு இடம் இருக்கிறது என்றால் எந்தக் கதவைத் தட்டுவது? என் ஓட்டு, கணக்குக் காட்டச் சொல்லும் மனுவுக்கு. யூ.டி.எம்.ஏ. சட்டத்தில் 14 வயதான பிள்ளையோ, கார்டியனோ, குடும்பத்தில் வயதுவந்த ஒருவரோ, பணம் போட்டவரோ கோர்ட்டில் இதைக் கேட்கலாம். எடுத்த ஒவ்வொரு டாலருக்கும் கஸ்டோடியன் பதில் சொல்லியாக வேண்டும். பதில் இல்லையென்றால் அவரை நீக்கவும், பணத்தைத் திருப்பிக் கட்ட வைக்கவும் வழி பிறக்கும். நேராக நஷ்டஈட்டு வழக்குப் போட்டால் இதே ஆதாரங்களைத் தேடி வக்கீலுக்குக் கூடுதலாக அழ வேண்டும்.

கள்ளக் கையெழுத்துப் போட்டு எடுத்திருந்தால் போலீஸ்தான் சரி. மற்றபடி, "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பிவிடுவது சகஜம். வழக்குப் பதிவானாலும் அதைக் கைவிடுவது அரசு வக்கீல் கையில்; நாளைக்கு அத்தை அழுதாள் என்று நீங்கள் வாபஸ் வாங்க முடியாது. அப்புறம், "பணத்தைக் கொடு, இல்லாவிட்டால் போலீசுக்குப் போவேன்" என்று மெசேஜ் அனுப்பாதீர்கள். சில மாநிலங்களில் அதுவே மிரட்டிப் பணம் பறித்த குற்றமாக உங்கள் மேல் திரும்பும்.

பல மாநிலங்களில் பிள்ளை மேஜராகும் வரை வழக்குப் போடுவதற்கான காலவரம்பு ஓடாது. ஆனால் செலவழித்தவரிடம் மிச்சம் இருக்கும் பணம் அதுவரை காத்திருக்காது. கணக்கில் இன்னும் ஏதாவது இருந்தால், மனுவோடு சேர்த்தே பணம் எடுக்கத் தடை கேளுங்கள்.