‘ஸ்டாட்டுடேர் டிரெக்டேர்’ ஆங்கிலத்தில் யார்?

நெதர்லாந்து நிறுவனங்களின் ஒப்பந்தங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவருபவர்களை அதிகம் ஏமாற்றும் பதவிப் பெயர் எது என்று கேட்டால், ‘ஸ்டாட்டுடேர் டிரெக்டேர்’ என்றுதான் சொல்வேன். பார்வைக்குப் பரம சாது. ‘ஸ்டாட்யூட்டரி’, ‘டைரக்டர்’ என்று ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அச்சு அசலான உடன்பிறப்புகள் தயாராக நிற்கின்றன. எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம் என்று கை துடிக்கும்.

ஆனால் ஆங்கிலத்தில் ‘ஸ்டாட்யூட்’ என்றால் நாட்டின் சட்டம். டச்சில் ‘ஸ்டாட்டுட்டன்’ என்பது அது அல்ல. நிறுவனம் தனக்கென்று எழுதிவைத்துக்கொள்ளும் விதிமுறை ஆவணம். ஆங்கிலேயர் ‘ஆர்ட்டிகல்ஸ் ஆஃப் அசோசியேஷன்’ என்பது. ‘பி.வி.’ வகைத் தனியார் நிறுவனம் தொடங்க நொத்தாரிசு முன்னிலையில் பத்திரம் எழுத வேண்டும். அந்தப் பத்திரத்துக்குள்தான் இந்த விதிகள் இருக்கும். (நொத்தாரிசு, கந்தோர் இரண்டும் ஒல்லாந்தர் இலங்கைத் தமிழில் விட்டுப்போன சொற்கள். இந்த இடத்தில் யாழ்ப்பாண வாசகருக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாது.) நாட்டின் சட்டத்துக்கு டச்சில் ‘வெட்’ என்று வேறு சொல் இருக்கிறது.

‘டிரெக்டேர்’ இன்னும் வழவழப்பானது. விற்பனைப் பிரிவின் தலைவர்கூடத் தன் முகவரி அட்டையில் அதைப் போட்டுக்கொள்ளலாம், தடையில்லை. அப்படிப் பட்டம் மட்டும் உள்ளவர் ‘டிட்யுலேர் டிரெக்டேர்’. நம்முடைய ‘ஸ்டாட்டுடேர்’ ஆசாமியோ முறைப்படி நியமிக்கப்பட்டு, வணிகச் சபைப் பதிவேட்டில் பெயர் ஏறியவர். பெரும்பாலும் பங்குதாரர்களின் பொதுக்கூட்டம் நியமிக்கும். சில பெரிய நிறுவனங்களில், நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழு நியமிக்கும். சட்டப் புத்தகம் இவரை ‘பெஸ்டூர்டர்’ என்கிறது. அதே சொல் டச்சில் வண்டி ஓட்டுபவரையும் குறிக்கும். சிரிக்க வேண்டாம், நம் ‘இயக்குநர்’ திரைப்படம் எடுக்கிறார், அரசுத் துறையை நடத்துகிறார், நிறுமத்தின் குழுவிலும் உட்காருகிறார்.

இந்த வேறுபாடு வெறும் மரியாதை விவகாரமாக இருந்தால் விட்டுவிடலாம். அது வேலை போகும் விவகாரம். நெதர்லாந்தில் சாதாரண ஊழியரை அவர் சம்மதமின்றி நீக்க, காரணத்தைப் பொறுத்து, யு.டபிள்யு.வி. என்ற அரசு அமைப்பின் அனுமதியோ நீதிமன்றத்தின் தீர்ப்போ பொதுவாக முன்கூட்டியே வேண்டும். பட்டம் மட்டும் உள்ள டிரெக்டேருக்கும் இந்தக் கவசம் உண்டு. ஸ்டாட்டுடேர் டிரெக்டேருக்கு இல்லை. பொதுக்கூட்டம் முறைப்படி கூடித் தீர்மானம் போட்டால் பதவி போய்விடும். அதோடு வேலை ஒப்பந்தமும் பொதுவாக முடிந்துவிடும் என்று நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2005 ஏப்ரல் 15 அன்று வழங்கிய தீர்ப்புகள் நிலைநாட்டின. நோயில் இருப்பவரை நீக்கக் கூடாது என்பது போன்ற தடைகளும், இரு தரப்பும் வேறுவிதமாக உடன்பட்டிருப்பதும் விதிவிலக்கு. நீக்கியது தவறென்றாலும் வேலையைத் திரும்பக் கொடு என்று நீதிமன்றம் உத்தரவிட முடியாது. பணம் கேட்கலாம், அவ்வளவுதான். நிறுவனம் திவாலானால் சொந்தப் பணத்தைக் கொட்ட வேண்டிய ஆபத்தும் முதலில் இவர் தலையில்தான். ஆண்டுக் கணக்கை உரிய காலத்தில் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், நிர்வாகம் சரியில்லை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஆங்கிலத்தில் போடும் சொல் இந்த மனிதரையும் அந்த விற்பனைத் தலைவரையும் பிரித்துக் காட்டுகிறதா என்பதே என் அளவுகோல்.

வெறும் ‘டைரக்டர்’ இந்தத் தேர்விலேயே விழுந்துவிடுகிறது. லண்டன் வாசகருக்கு அது குழு உறுப்பினர் என்றே படும், பாதகமில்லை. அமெரிக்க நிறுவனத்தில் ‘டைரக்டர் ஆஃப் மார்க்கெட்டிங்’ ஓர் இடைநிலை அதிகாரி. குழுவில் இருக்கும் டைரக்டரோ அன்றாட நிர்வாகத்தில் கை வைக்காதவராக இருக்கலாம். நம்மவர் இரண்டிலும் சேராதவர்.

‘மேனேஜிங் டைரக்டர்’ என்பதை டச்சுக்காரர்களே தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். மேற்பார்வைக் குழுவில் உள்ள ‘கொமிசாரிஸ்’ என்பவரை ‘சூப்பர்வைசரி டைரக்டர்’ ஆக்கிவிட்டால் ஜோடிப் பொருத்தம் அழகாக அமைகிறது. (அவரைக் ‘கமிஷனர்’ ஆக்கினால் காவல் துறையில் சேர்த்துவிடுவோம்.) சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. இந்தியாவிலும் பிரிட்டனிலும் எம்.டி. என்றால் முதல் நாற்காலி என்றே மனம் படிக்கும். ஒரு பி.வி.க்கு நான்கு ஸ்டாட்டுடேர் டிரெக்டேர்கள் இருக்கலாம். நான்கு எம்.டி.க்கள் கையெழுத்திட்ட தாளைப் பார்க்கும் சென்னை வழக்கறிஞர் கட்டாயம் தொலைபேசியை எடுப்பார். முதலீட்டு வங்கிகளிலோ அது பதவி உயர்வில் வரும் ஒரு படிநிலை. ஒரே கட்டடத்தில் நூறு பேருக்கு இருக்கும்.

‘மெம்பர் ஆஃப் த மேனேஜ்மென்ட் போர்டு’ துல்லியமானது. ஆண்டறிக்கைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் பல பி.வி.க்களில் ஒரே ஒருவர்தான் நிர்வாகம். ஒற்றை ஆளைக் ‘குழு உறுப்பினர்’ என்றால் மீதிப் பேர் எங்கே என்று கேள்வி வரும். 2013 ஜனவரி 1 முதல் ஒற்றைக் குழு முறையையும் டச்சுச் சட்டம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டுவிட்டது. நிர்வாகம் செய்பவரும் செய்யாதவரும் ஒரே மேசையில் அமர்கிறார்கள். அங்கே ‘எக்ஸிக்யூட்டிவ் டைரக்டர்’ என்பதே சரி.

கடைசியாக, நாம் முதலில் சந்தேகித்த ‘ஸ்டாட்யூட்டரி டைரக்டர்’. இதை எனக்குப் பிடிக்காது. ஆங்கிலத்தில் அது சட்டத்திலிருந்து வருவது. டச்சில் நிறுவன விதியிலிருந்து வருவது. ஒரே ஒப்பந்தத்தில் சட்டம் வகுத்த முன்னறிவிப்புக் காலமும் வரும். டச்சில் அது ‘வெட்டலெக்’, ஆங்கிலத்தில் அதுவும் ‘ஸ்டாட்யூட்டரி’. இரண்டு வெவ்வேறு டச்சுச் சொற்கள் ஒரே பக்கத்தில் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால் படிப்பவர் யாரை யாரென்று அடையாளம் காண்பார்?

இருந்தாலும் அதைத் தூக்கி எறிய முடியவில்லை. பட்டம் மட்டும் உள்ளவரையும் பதவியே உள்ளவரையும் பிரிக்கும் வேலையை, மற்ற மூன்றும் தடுமாறும் இடத்தில், இது ஒன்றுதான் செய்கிறது. ஆம்ஸ்டர்டாம் வழக்கறிஞர் அதைப் பார்த்த கணமே எந்தச் சட்ட நிலை என்று புரிந்துகொள்வார். ஐரோப்பிய ஆங்கிலமும் இந்தப் பொருளுக்கு ஓரளவு பழகிவிட்டது: நீதிமன்ற அதிகார வரம்பு பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012ஆம் ஆண்டு 1215ஆம் எண் ஒழுங்குமுறை, நிறுவன விதிகளில் குறித்த இருப்பிடத்தை ‘ஸ்டாட்யூட்டரி சீட்’ என்றே எழுதுகிறது. அயர்லாந்து போன்ற நாடுகளுக்கு அது ‘ரெஜிஸ்டர்டு ஆபீஸ்’ என்று தனியாக விளக்கமும் கொடுக்கிறது. விளக்கம் தேவைப்பட்டதே அந்தச் சொல் ஆங்கிலக் காதுக்கு எவ்வளவு அந்நியம் என்பதைக் காட்டுகிறது. அந்த இருப்பிடமும் பொல்லாதது: டச்சு விதிகளில் அது ஓர் ஊரின் பெயர் மட்டும். விதிகளில் ஆம்ஸ்டர்டாம் என்று இருக்க, அலுவலகம் ஐந்தோவனில் நடக்கலாம். ‘ரெஜிஸ்டர்டு ஆபீஸ்’ என்று எழுதினால் ஆங்கிலேயர் தெருவும் கதவு எண்ணும் கேட்பார்.

ஆகவே நான் ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்வதில்லை. ஆண்டறிக்கை என்றால் மேனேஜ்மென்ட் போர்டு உறுப்பினர். பங்கு விற்பனைப் பத்திரம் என்றால் மேனேஜிங் டைரக்டர், தொடக்கத்திலேயே ஒரு வரையறையோடு. வேலை ஒப்பந்தம் என்றால் மட்டும், பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்டாட்யூட்டரி டைரக்டர். முதல் முறை வரும்போது பக்கத்தில் டச்சுச் சொல்லைச் சாய்வெழுத்தில் நிறுத்தி, நிறுவன விதிகளின்படி முறையாக நியமிக்கப்பட்டவர் என்று ஒரு வரி. ‘வெட்டலெக்’ வருமிடத்தில் ‘ஸ்டாட்யூட்டரி’யைத் தவிர்த்து, ‘சட்டப்படி’ என்று பொருள்படும் வேறு ஆங்கிலத் தொடரைப் போட்டுவிடுவேன்.

மூலத்தில் வெறும் ‘டிரெக்டேர்’ என்று மட்டும் இருந்தால்? அகராதியை மூடிவிட்டு வணிகச் சபைப் பதிவேட்டைத் திறப்பேன். பெயர் அதில் ‘பெஸ்டூர்டர்’ என்று இருந்தால் ஒரு சொல், இல்லாவிட்டால் வேறு சொல். பதிவேட்டு நகல் கிடைக்கும்வரை அந்த இடத்தை மஞ்சள் அடித்து வைத்திருப்பேன். வாடிக்கையாளர் எத்தனை முறை அவசரப்படுத்தினாலும்.