நாப்ராக்சன், செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப்: இரைப்பைக்கும் இதயத்துக்கும் நடுவே

மூட்டு வலிக்காக மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டியவர்கள், இருப்பவற்றுள் எது பாதுகாப்பானது என்று கேட்கிறார்கள். பெரிய ஆய்வுகள் இதற்கு விடை சொல்லியிருக்கின்றன. ஆனால் ஒரு மருந்தை எதனோடு, எந்த அளவில் நிறுத்துப் பார்த்தார்கள் என்பதைக் கவனிக்காமல் அவற்றைப் படித்தால், தவறான முடிவுக்கே வந்து சேர்வோம்.

நாப்ராக்சன் போன்ற பழைய வலி நிவாரணிகள் காக்ஸ்-1, காக்ஸ்-2 என்னும் இரு நொதிகளையும் தடுக்கின்றன. முதலாவது நொதி இரைப்பையின் உட்சுவரைக் காப்பதால், அது தடைபடும்போது புண்ணும் ரத்தக் கசிவும் நேர்கின்றன. காக்ஸ்-2ஐ மட்டும் குறிவைக்கும் காக்சிப் மருந்துகள் அதற்கு மாற்றாகவே வந்தன. ஆயினும் ரத்தக் குழாய்ச் சுவரில் உறைவைத் தடுக்கும் பொருள் ஒன்று உருவாவதற்கும் காக்ஸ்-2 தேவைப்படுகிறது. இதயத்துக்கான ஆபத்து பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த விகோர் ஆய்வில், முடக்குவாத நோயாளிகள் ஏறத்தாழ 8,000 பேருக்கு ரோஃபெகாக்சிப் என்ற காக்சிப் மருந்து அல்லது நாப்ராக்சன் தரப்பட்டது. ரோஃபெகாக்சிப் எடுத்தவர்களிடம் இரைப்பைக் கோளாறுகள் பாதியாகக் குறைந்தன. ஆனால் மாரடைப்பு நாப்ராக்சன் பிரிவில் 0.1 சதவீதமாகவும் ரோஃபெகாக்சிப் பிரிவில் 0.4 சதவீதமாகவும் இருந்தது. நாப்ராக்சன் இதயத்தைக் காத்ததால்தான் இந்த வேறுபாடு தோன்றியது என்று ரோஃபெகாக்சிப்பின் தயாரிப்பாளரான மெர்க் நிறுவனம் விளக்கம் சொன்னது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட மற்றோர் ஆய்விலும், 18 மாதங்களுக்குப் பிறகு ஆபத்து கூடியது தெரிந்த பின்னரே, 2004 செப்டம்பர் 30 அன்று ரோஃபெகாக்சிப் திரும்பப் பெறப்பட்டது. அந்த நான்கு ஆண்டுத் தாமதத்தை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

செலிகாக்சிப் தப்பிப் பிழைத்தது. 2016இல் வெளியான பிரசிஷன் ஆய்வு, இதய ஆபத்து மிகுந்த சுமார் 24,000 பேரிடம் அதை நாப்ராக்சனோடும் ஐப்யூபுரூஃபனோடும் ஒப்பிட்டு, இதயத்தைப் பொறுத்தவரை அது அவற்றைவிட மோசமில்லை என்று முடிவு கூறியது. ஆனால் செலிகாக்சிப் நாளொன்றுக்குச் சராசரியாக 200 மில்லிகிராம் அளவில்தான் தரப்பட்டது. பங்கேற்றோரில் மூன்றில் இரு பங்கினருக்கு மேற்பட்டோர் இடையிலேயே மருந்தை நிறுத்திவிட்டனர். ஆகவே, 400 மில்லிகிராமைத் தொடர்ந்து எடுப்பவருக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த இயலாது.

நம்மூர் மருந்துக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் எட்டோரிகாக்சிப்பைப் பற்றித்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். 2006இல் வெளியான மெடல் ஆய்வுத் திட்டம், சுமார் 34,700 பேரிடம் அது பழைய வலி நிவாரணியான டைக்ளோஃபெனாக்குக்கு இணையான இதய ஆபத்தையே தருகிறது என்று காட்டியது. கேட்பதற்கு நிம்மதியான செய்திதான். ஆனால், பல நூறு ஆய்வுகளைத் தொகுத்த 2013ஆம் ஆண்டு அலசல், டைக்ளோஃபெனாக்கே காக்சிப்களைப் போலப் பெரிய இதய, ரத்தக் குழாய் நிகழ்வுகளை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டுவதாகக் கண்டது. ஆபத்தான ஒன்றுக்கு இணையானது என்பதற்காக ஒரு மருந்து பாதுகாப்பானதாகிவிடாது. எட்டோரிகாக்சிப்பை அமெரிக்கா அங்கீகரிக்கவே இல்லை. ஐரோப்பாவிலோ, ரத்த அழுத்தம் தொடர்ந்து 140/90க்கு மேல் உள்ளவர்களுக்கு அதைத் தரக் கூடாது என்பது விதி.

அதே தொகுப்பு அலசலில் நாப்ராக்சன் இதயத்தைப் பொறுத்தவரை நன்றாகத் தேறியது. ஆனால் அது இரைப்பைச் சிக்கல்களை நான்கு மடங்குக்கு மேல் உயர்த்தியது. எனவே இதய நோய் அச்சம் உள்ளவருக்கு, மருத்துவர் ஏதேனும் வலி நிவாரணி தேவை என்று கருதினால், அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையோடு சேர்த்து நாப்ராக்சன் தருவதையே நான் முதலில் எண்ணிப் பார்ப்பேன். புண் வந்து ஆறியவருக்கு, அதே துணை மாத்திரையோடு குறைந்த அளவு செலிகாக்சிப் பொருந்தலாம். சிறுநீரகத்தின் விஷயத்தில் இந்த மூன்றில் எதற்கும் விலக்கு இல்லை. நீர் பிரிய மாத்திரையும், ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், டெல்மிசார்டான் போன்றவையும் ஏற்கெனவே எடுப்பவர்கள், கடையில் கேட்டு வாங்குவதற்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.